பண்புசார் ஆய்வில் பொருள்கோடலும் அடர்விவரிப்பும்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் தமிழ்மொழி, தமிழ்க் கல்வி, சமூகவியல் சார்ந்து மேற்கொள்ளப்படும் பட்ட மேற்படிப்பு ஆய்வுகளில் பண்புசார் ஆய்வுமுறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. நேர்காணல், உற்றுநோக்கல், ஆவணப் பகுப்பாய்வு ஆகியவற்றின்வழித் தரவு திரட்டுவதிலும், திரட்டியவற்றைக் குறியிட்டுக் கருப்பொருள்களாக வகைப்படுத்துவதிலும் நம் ஆய்வாளர்கள் நல்ல பயிற்சி பெற்றுள்ளனர். ஆயினும் ஆய்வேட்டின் கண்டறிதல் இயலை எழுதும்போது ஒரு சிக்கல் தோன்றுகிறது. பல மணி நேர உரையாடலும் பல வாரக் களப்பணியும் ஐந்தாறு தலைப்புகளாகவும், ஒவ்வொரு தலைப்பின்கீழும் ஓரிரு வரி மேற்கோளாகவும் சுருங்கிவிடுகின்றன. தகவலாளி எந்தச் சூழலில் பேசினார், எந்த வினாவுக்கு விடையாகப் பேசினார், அக்கூற்றை ஆய்வாளர் ஏன் அவ்வாறு பொருள்கொண்டார் என்பன வாசகருக்குத் தெரியாமலேயே போகின்றன.

இச்சிக்கலுக்குப் பண்புசார் ஆய்வுலகம் முன்வைக்கும் தீர்வுகளுள் முதன்மையானது அடர்விவரிப்பு ஆகும். ஒரு நிகழ்வை அதன் சூழல், நோக்கம், வளர்ச்சி, அதில் பங்கேற்றோர் அதற்குக் கொடுத்த பொருள் ஆகியவற்றோடு எடுத்துரைப்பதே அடர்விவரிப்பு எனச் சுருக்கமாகக் கூறலாம். இதனை ஆய்வேட்டை அழகுபடுத்தும் உத்தியாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. அக்கருத்து பொருந்தாது என்பதையும், அடர்விவரிப்பே பொருள்கோடலுக்குரிய சான்று என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. கருத்தாக்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

அடர்விவரிப்பு என்னும் கருத்தாக்கத்தை முதலில் வழங்கியவர் ஆங்கிலேய மெய்யியலாளர் கில்பர்ட் ரைல். 1968ஆம் ஆண்டு ஆற்றிய உரையொன்றில் அவர் இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டின்வழி விளக்கினார். இரு சிறுவர்கள் தம் வலக்கண் இமையை விரைந்து மூடித் திறக்கின்றனர். ஒருவனுக்கு அது தன்னையறியாமல் ஏற்பட்ட துடிப்பு. மற்றவனோ தன் நண்பனுக்குக் கமுக்கமாகக் குறிப்புக் காட்டுகிறான். மூன்றாமவன் அவனைக் கேலி செய்ய அதேபோலக் கண் சிமிட்டிக் காட்டுகிறான். நிழற்படக் கருவி பதிவுசெய்யக்கூடியது மூவரிடத்தும் ஒன்றே. ஆனால், நிகழ்ந்தவை மூன்றும் வெவ்வேறு. 'இமை மூடித் திறந்தது' என்பது மெலிந்த விவரிப்பு. யார், யாருக்கு, எதற்காக, எந்த மரபை நம்பி அவ்வாறு செய்தார் என்பதையும் உள்ளடக்கியது அடர்விவரிப்பு.

அமெரிக்க மானிடவியலாளர் கிளிபர்ட் கீர்ட்ஸ் 1973இல் வெளியிட்ட 'பண்பாடுகளின் பொருள்கோள்' என்னும் நூலின் முதற்கட்டுரையில் இக்கருத்தை இனவரைவியலுக்குரிய அடிப்படையாக வளர்த்தெடுத்தார். பண்பாட்டை ஆராய்தல் என்பது விதிகளைத் தேடும் முயற்சி அன்று; பொருளைத் தேடும் முயற்சி என்பது அவர்தம் நிலைப்பாடு. பின்னர் 1989இல் நார்மன் டென்சின் அடர்விவரிப்பின் கூறுகளை வகுத்துக் காட்டினார். செயலின் சூழலைக் கூறுதல், அச்செயலை ஒழுங்கமைத்த நோக்கத்தையும் பொருளையும் கூறுதல், அச்செயல் தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கூறுதல், அதனைப் பொருள்கோடலுக்கு உட்படக்கூடிய ஒரு பனுவலாக முன்வைத்தல் என்பன அவை. 2006இல் ஜோசப் பொன்டெரோட்டோ இக்கருத்தாக்கத்தின் வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்து, அடர்ந்த விவரிப்பு அடர்ந்த பொருள்கோடலுக்கும், அது வாசகர் பெறும் அடர்ந்த பொருளுக்கும் இட்டுச்செல்லும் என்று நிரல்படுத்தினார்.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 'அடர்' என்னும் அடைமொழி நீளத்தைக் குறிப்பதன்று. பள்ளியின் நுழைவாயிலையும் சுற்றியுள்ள மரங்களையும் இரண்டு பக்கங்களுக்கு வருணிக்கும் ஆய்வேடு, அவ்வாயிலும் மரங்களும் ஆய்வுப் பொருளோடு தொடர்புறாதவரை, மெலிந்த விவரிப்பையே தருகிறது. மாறாக, வகுப்பறையில் ஓர் ஆசிரியர் சிரித்தது ஊக்கமா ஏளனமா என்பதை முன்பின் நிகழ்ந்தவற்றால் நிறுவிக்காட்டும் ஐந்து வாக்கியங்கள் அடர்விவரிப்பு ஆகும்.

2. மூலமும் உரையும்

பண்புசார் தரவை ஆய்வாளர் மூன்று நிலைகளில் கையாள்கிறார் என ஹாரி உல்காட் 1994இல் வெளிவந்த தம் நூலில் விளக்குகிறார். 'இங்கு என்ன நிகழ்கிறது?' என்பதற்கு விவரிப்பும், 'இதன் கூறுகள் எவ்வாறு இயைந்து இயங்குகின்றன?' என்பதற்குப் பகுப்பாய்வும், 'இதன் பொருள் யாது?' என்பதற்குப் பொருள்கோடலும் விடையளிக்கின்றன. இம்மூன்றும் இறுகப் பிரிக்கப்பட்ட அறைகள் அல்ல. எதை விவரிப்பது, எதை விடுப்பது என்ற தெரிவிலேயே பொருள்கோடல் தொடங்கிவிடுகிறது. எனினும் எழுதும்போது இவற்றை வேறுபடுத்திக் காட்டுவது ஆய்வாளரின் கடமையாகும்.

தமிழ் உரைமரபில் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. இறையனார் களவியலுரை, உரையின் இயல்பைக் கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங்கூறல் என நான்காக வகுத்துரைக்கிறது. சொற்களைப் பிரித்துப் பொருள் காணலும், திரண்ட பொருளைக் கூறலும், வினா விடைகளால் விரித்துரைத்தலும் தனித்தனிச் செயல்கள் என்ற தெளிவு அம்மரபில் இருந்தது. இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. உரையாசிரியர் மூலத்தை முன்வைத்தே உரை வரைகிறார். திருக்குறளுக்கு மணக்குடவர் கண்ட பொருளும் பரிமேலழகர் கண்ட பொருளும் வேறுபடும் இடங்களில், எது ஏற்புடையது என்று நாம் எடைபோட முடிகிறது. குறள் நம் கண்முன் இருப்பதே அதற்குக் காரணம். மூலம் இல்லாவிடில் உரையை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ வழியில்லை.

பண்புசார் ஆய்வில் இந்நிலை மேலும் நுட்பமானது. அங்கு மூலம் முன்னரே எழுதப்பட்டிருப்பதில்லை. வகுப்பறை நிகழ்வும் தோட்டத்து முதியவரின் நினைவும் ஆய்வாளர் எழுதிய பின்னரே பனுவலாகின்றன. மூலத்தை எழுதுபவரும் உரையை எழுதுபவரும் ஒருவரே. ஆகவேதான் விவரிப்பு போதிய அடர்த்தி பெறவேண்டும் என வலியுறுத்தப்படுகிறது. ஆய்வாளரின் பொருள்கோடலோடு உடன்படாத வாசகர் ஒருவர், அதே விவரிப்பைக் கொண்டு மாற்றுப் பொருள் காண இடமிருக்குமாயின், அவ்விவரிப்பு மூலமாக நின்று பயன்படுகிறது எனலாம்.

3. மாணவர் மௌனம்: ஹீத்தின் ஆய்வு

அடர்விவரிப்பு ஒரு முடிபையே மாற்றவல்லது என்பதற்கு ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட 'சொற்களோடு பழகும் வழிகள்' என்னும் ஆய்வு சிறந்த சான்றாகும். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களை உள்ளடக்கிய பீட்மாண்ட் பகுதியில், நெசவாலைகளைச் சார்ந்து வாழ்ந்த இரு உழைக்கும் சமூகங்களை அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆராய்ந்தார். 'டிராக்டன்' எனப் புனைபெயரிடப்பட்டது கறுப்பின மக்களின் குடியிருப்பு. 'ரோட்வில்' எனப் புனைபெயரிடப்பட்டது வெள்ளையின மக்களின் குடியிருப்பு.

டிராக்டன் பிள்ளைகள் பள்ளியில் மிக எளிய வினாக்களுக்குக்கூட விடையளிக்காமல் இருந்தது ஆசிரியர்களைக் குழப்பியது. ஒரு படத்தைக் காட்டி, 'இது என்ன நிறம்?' என்று கேட்டால் பிள்ளைகள் பேசாதிருந்தனர். இதனை ஓர் உற்றுநோக்கல் பட்டியலில் பதிவுசெய்தால், 'மாணவர் விடையளிக்கவில்லை' என்ற கட்டத்தில் ஒரு குறியீடு விழும். அக்குறியீடுகளின் கூட்டுத்தொகை, 'இம்மாணவர்களின் மொழித்திறன் குறைவு' என்ற முடிபுக்கு எளிதில் இட்டுச்செல்லும்.

ஹீத் அப்பிள்ளைகளின் வீடுகளிலும் முற்றங்களிலும் நிகழ்ந்த பேச்சை விரிவாக எடுத்துரைத்தார். அங்குப் பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த வினாவைக் குழந்தையிடம் கேட்பது அரிது. 'அது எதைப்போல இருக்கிறது?' என ஒப்புமை வேண்டும் வினாக்களும், கேட்பவர் உண்மையிலேயே அறியாத செய்தியைக் கோரும் வினாக்களும் பெரிதும் வழங்கின. ஆசிரியர் தம் கண்முன்னே உள்ள நிறத்தைப் பிள்ளையிடம் கேட்பது, அப்பிள்ளைகள் பழகியறியாத வினா வகையாக இருந்தது. இவ்வாறு பார்க்கும்போது மௌனத்தின் பொருள் மாறுகிறது. அது திறனின்மையின் அடையாளம் அன்று. இருவேறு வினாமரபுகள் சந்திக்கும் இடத்தில் தோன்றிய தயக்கம். இப்புரிதலின் அடிப்படையில் ஆசிரியர்கள் தம் வினாக்களை மாற்றியமைத்தனர். பிள்ளைகளுக்குப் பழக்கமான ஊர்க் காட்சிகளைக் காட்டி, வீட்டு மரபை ஒத்த வினாக்களில் தொடங்கிப் பள்ளி மரபு வினாக்களுக்குப் படிப்படியாக அழைத்துச் சென்றனர். பிள்ளைகளின் பங்கேற்பும் கூடியது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஹீத்தின் முடிபை அப்படியே எடுத்துத் தமிழ்ப்பள்ளி மாணவருக்குப் பொருத்துவது முறையன்று. தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் ஒரு மாணவர் மௌனம் காப்பதற்குப் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி, வீட்டில் வழங்கும் மொழி, தவறினால் நேரும் கூச்சம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். ஓரிடத்து முடிபு மற்றோரிடத்துக்குப் பெயர்த்துக்கொள்ளத் தக்கதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதனைப் பயன்படுத்த விரும்பும் வாசகரே என்றும், அதற்குத் தேவையான அடர்விவரிப்பை வழங்குவதே ஆய்வாளரின் பொறுப்பு என்றும் லிங்கன், குபா ஆகியோர் 1985இல் வரையறுத்தனர். ஹீத் டிராக்டன் வீடுகளை விரிவாக விவரித்ததனால்தான், நம் வகுப்பறை எவ்வகையில் அதனை ஒத்தது, எவ்வகையில் வேறானது என்று நாம் கேட்க முடிகிறது.

4. எண்ணும் எடுத்துரையும்: கெடாவில் ஸ்காட்

பண்புசார் ஆய்வாளர் எண்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் நம்மிடையே வழங்கும் பிழையான கருத்தாகும். மலேசியக் களத்தில் செய்யப்பட்ட புகழ்பெற்ற ஆய்வொன்றே இதனை மறுக்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை கெடா மாநிலத்தின் மூடா சமவெளியில் ஒரு நெற்பயிர்க் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1985இல் 'எளியோரின் படைக்கலங்கள்' என்னும் நூலை வெளியிட்டார். அக்கிராமத்துக்கு அவர் இட்ட புனைபெயர் 'செடாக்கா'. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் அச்சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது. அதன்பின் 1970களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் பரவின. கதிரறுத்தும் அடித்தும் கூலி பெற்றுவந்த ஏழைகள் அவ்வருவாயை இழந்தனர்.

நில உடைமை, குத்தகை, வருவாய் ஆகியவை பற்றிய அட்டவணைகளை அந்நூல் விரிவாகத் தருகிறது. ஆனால் நூல் அவற்றோடு தொடங்கவில்லை. இருவரைப் பற்றிய கதைகளோடு தொடங்குகிறது. ஒருவர் ஊரின் மிக வறியவர். மற்றவர் பொருள் சேர்ப்பதில் பெயர்பெற்ற செல்வர். வறியவரின் கதையை வசதி படைத்தோர் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர். ஏழைகள் தம் நடத்தையாலேயே ஏழைகளாயினர் என்பது அவர்கள் உணர்த்த விரும்பும் பொருள். செல்வரின் கதையை ஏழைகள் கூறுகின்றனர். செல்வம் எவ்வாறு சேர்கிறது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று அது. ஸ்காட் இக்கதைகளை அவ்விருவரின் பண்புநலனைப் பற்றிய தகவலாக மட்டும் கொள்ளவில்லை. யார், யாரைப் பற்றி, எவரிடம், எதற்காக இக்கதையைச் சொல்கிறார் என்று நோக்குகிறார்.

இயந்திரம் வந்ததால் எத்தனை பேர் எவ்வளவு கூலி இழந்தனர் என்பதை எண்கள் காட்டுகின்றன. அவ்விழப்பை ஒருசாரார் காலத்தின் தேவை என்றும் மறுசாரார் அறம் பிறழ்ந்த செயல் என்றும் பேசுவதை எடுத்துரையே காட்டமுடியும். வெளிப்படையான போராட்டம் ஏதுமின்றி அமைதியாகத் தோன்றிய அவ்வூரில், புறங்கூறல், பட்டப்பெயர் சூட்டல், வேலையில் சுணக்கம் காட்டல் முதலியன எதிர்ப்பின் வடிவங்களாக இருந்தன என்னும் ஸ்காட்டின் பொருள்கோடல் இவ்விரண்டின் இணைப்பால் உருவானது. எண்ணை மட்டும் கண்டவர் அவ்வமைதியை மனநிறைவு என்று கொண்டிருப்பார்.

5. தகவலாளியின் மொழியும் ஆய்வேட்டின் மொழியும்

தமிழில் ஆய்வேடு எழுதுவோர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் ஒன்றை இங்குச் சுட்டுதல் வேண்டும். தகவலாளி பேச்சுத் தமிழில், மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் விரவப் பேசுகிறார். ஆய்வேடோ எழுத்துத் தமிழில் அமைய வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. இதனால் தகவலாளியின் கூற்றைத் திருத்தமான எழுத்துத் தமிழுக்கு மாற்றி மேற்கோளாகத் தரும் வழக்கம் நிலவுகிறது. இதனை மொழித்தூய்மை சார்ந்த சிறு மாற்றம் எனக் கருதுவோர் உளர். உண்மையில் பொருள்கோடலின் பெரும்பகுதி வாசகர் அறியாமல் இம்மாற்றத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது.

விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கூற்று ஒன்றைக் காண்போம். ஓய்வுபெற்ற ரப்பர்த் தோட்டத் தொழிலாளியான மூதாட்டி ஒருவர், தம் பிள்ளைகளின் பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பின்வருமாறு கூறுவதாகக் கொள்வோம்:

"விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் எழுந்திரிக்கணும். கைப்புள்ளைய ஆயாக்கொட்டாயில போட்டுட்டுப் பெரட்டுக்கு ஓடணும். பேரு கூப்புடறப்ப இல்லன்னா அன்னிக்கு வேல இல்ல, அவ்வளவுதான். பெரிய புள்ள பள்ளிக்கூடம் போச்சா இல்லையான்னு யாரு பாத்தா?"

இது ஆய்வேட்டில், 'தோட்டத் தொழிலாளர்கள் அதிகாலையில் வேலைக்குச் சென்றதால் பிள்ளைகளின் கல்வியில் கவனம் செலுத்தவில்லை என்று தகவலாளி குறிப்பிட்டார்' என இடம்பெறக்கூடும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் இழப்பு விளங்கும். முதலாவதாக, பெரட்டு என்பது வெறும் ஆள் கணக்கெடுப்பு அன்று. அன்றைய கூலி உறுதியாகும் இடம். அச்சொல் நீங்கியதும், தாய் விரைந்து ஓடியதன் காரணம் நீங்கிவிடுகிறது. இரண்டாவதாக, 'போட்டுட்டு', 'ஓடணும்' என்னும் வினைகள் உணர்த்தும் நெருக்கடி மறைகிறது. மூன்றாவதாக, மூதாட்டியின் இறுதி வாக்கியம் ஒரு வினா. அது தன்னையே நொந்துகொள்வதாக இருக்கலாம். தோட்ட நிருவாகத்தையோ பள்ளியையோ நோக்கிய குற்றச்சாட்டாகவும் இருக்கலாம். எழுத்துத் தமிழ் வாக்கியமோ அவ்வினாவுக்கு ஆய்வாளரே விடை கூறிவிட்டதைக் காட்டுகிறது. 'கவனம் செலுத்தவில்லை' என்ற தொடர் பழியைப் பெற்றோர்மீது ஏற்றிவிடுகிறது. தோட்டத்து மக்கள் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்ற பழைய கூற்றுக்கு இத்தகைய வாக்கியங்கள் பல சேர்ந்தே ஆய்வுச் சான்று என்ற தகுதியை அளித்துவிடுகின்றன.

எனவே தகவலாளியின் கூற்றைப் பேச்சு வடிவிலேயே தந்து, தேவைப்படும் இடத்தில் பொருள் விளக்கத்தைத் தனியே அமைப்பதே தக்கது. 'ரோத்தான்' என்று ஆசிரியர் கூறியதைப் 'பிரம்பு' என்று மாற்றாமல் விடுவதும் இதன்பாற்படும். அம்மலாய்ச் சொல் நம் பள்ளிச் சூழலில் சுமந்து நிற்கும் அச்சத்தையும் கேலியையும் 'பிரம்பு' உணர்த்துவதில்லை. பேச்சின் இடையே நேர்ந்த நீண்ட இடைநிறுத்தம், சிரிப்பு, குரல் தாழ்தல் ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும். மேலும், தகவலாளியின் கூற்றுக்கு முன் ஆய்வாளர் கேட்ட வினாவையும் தருதல் நலம். 'உங்கள் பிள்ளைகளின் கல்வியில் ஏன் கவனம் செலுத்த முடியவில்லை?' என்று கேட்டுப் பெற்ற விடைக்கும், 'அக்காலத்தில் ஒரு நாள் எப்படிக் கழியும்?' என்று கேட்டுப் பெற்ற விடைக்கும் சான்று மதிப்பு ஒன்றாகாது.

6. பொருள்கோடலின் எல்லை

அடர்விவரிப்பு பொருள்கோடலைத் தாங்குவதுபோலவே, அதனை வரம்புக்குள் நிறுத்தவும் வேண்டும். இவ்வரம்பு மீறப்படும் இடத்தைக் கீர்ட்ஸின் எழுத்தைக் கொண்டே அறியலாம். பாலித் தீவின் சேவற்சண்டை பற்றி 1972இல் அவர் எழுதிய கட்டுரை அடர்விவரிப்புக்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு. 1958இல் காவல்துறையினர் சேவற்சண்டைக் களத்தில் திடீரெனப் புகுந்தபோது, கீர்ட்ஸும் அவர் துணைவியாரும் ஊர்மக்களோடு சேர்ந்து ஓடியதும், அதன்பின் ஊரார் அவர்களை ஏற்றுக்கொண்டதும் அதன் தொடக்கப் பகுதி. ஆனால் 1986இல் வின்சென்ட் கிரபன்சானோ இக்கட்டுரைமீது கடுமையான திறனாய்வை முன்வைத்தார். பாலி மக்கள் சேவற்சண்டையில் இன்னதை உணர்கின்றனர், இன்னதை நினைக்கின்றனர் என்று கீர்ட்ஸ் கூறுமிடங்களில், அவ்வாறு உணர்ந்தவர் யார் என்பது புலப்படவில்லை. தனிமனிதர் மறைந்து 'பாலி மக்கள்' என்னும் பொதுப்பெயரே எஞ்சுகிறது. ஆய்வாளரின் பொருள்கோள் மக்களின் அனுபவமாக மாற்றியுரைக்கப்படுகிறது என்பது அத்திறனாய்வின் சாரம்.

கவர்ச்சியான எடுத்துரை வாசகரை இசையவைக்கும் ஆற்றல் கொண்டது. அவ்வாற்றலே சான்றின் இடத்தை நிரப்பிவிடும் இடர் உண்டு. இதனைத் தவிர்க்க மூன்று நெறிகள் துணைசெய்யும். ஒவ்வொரு பொருள்கோடல் வாக்கியத்துக்கும் 'இவ்வாறு கூறியவர் அல்லது செய்தவர் யார்?' என்னும் வினாவை எழுப்பி, விவரிப்பில் அதற்கு விடை உள்ளதா எனச் சரிபார்த்தல் முதலாவது. 'மாணவர்கள் தமிழை விரும்புகின்றனர்' என்பதற்குப் பின்னால் இரு மாணவர்களின் கூற்றே இருக்குமாயின், அவ்விருவரையே கூறவேண்டும். நம் விளக்கத்துக்குப் பொருந்தாத முரண் நேர்வுகளை மறைக்காமல் முன்வைத்தல் இரண்டாவது. எட்டு ஆசிரியர்கள் ஒன்று கூற ஒருவர் மட்டும் மறுத்தால், அம்மறுப்பு ஏன் எழுந்தது என்று ஆராய்வதில் பெரும்பாலும் புதிய புரிதல் கிட்டும். மாற்று விளக்கங்களைக் கூறி, அவற்றைவிட நம் விளக்கம் எவ்வகையில் தரவோடு பொருந்துகிறது எனக் காட்டுதல் மூன்றாவது. பரிமேலழகர் பிறர் உரையைச் சுட்டி மறுக்கும் இடங்களில் இப்பண்பைக் காண்கிறோம்.

7. விவரமும் அறநெறியும்

அடர்விவரிப்பு வேண்டும் என்னும்போதே அதன் அறச்சிக்கலையும் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும் ஆசிரியர் உலகம் சிறியது. ஒரே கல்விக் கழகத்தில் பயின்றவர்கள், ஒரே மாவட்டத்தில் பணியாற்றுபவர்கள், உறவினர்கள் என அனைவரும் ஒருவரையொருவர் அறிவர். தலைமையாசிரியரின் பெயரை மாற்றிவிட்டு, பள்ளி அமைந்துள்ள மாவட்டம், அது இடம்பெயர்ந்த ஆண்டு, மாணவர் எண்ணிக்கை, தலைமையாசிரியரின் பணிக்காலம் ஆகியவற்றை அப்படியே தந்தால், புனைபெயரால் பயனில்லை. தகவலாளி நம்மை நம்பிக் கூறிய சொல் அவருக்கே இடராகத் திரும்பும்.

பொருள்கோடலுக்குத் தேவையான விவரம் எது, அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே உதவும் விவரம் எது எனப் பிரித்தறிவதே இதற்கு வழி. மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளி என்பது ஆய்வுப் பொருளுக்கு இன்றியமையாததாக இருக்கலாம். அது எந்த ஆற்றங்கரையில் உள்ளது என்பது தேவையற்றதாக இருக்கலாம். எழுதிய பகுதியை அச்சாகுமுன் தகவலாளியிடம் காட்டி இசைவு பெறுதலும் நல்ல வழக்கமாகும். தம்மைப் பற்றிய விவரிப்பை அவர் ஏற்கலாம். நம் பொருள்கோடலை ஏற்க மறுக்கலாம். அம்மறுப்பும் பதிவுசெய்யத்தக்க தரவே.

முடிவுரை

அடர்விவரிப்பு ஆய்வேட்டின் பக்கங்களைப் பெருக்குவது அன்று. திரட்டிய தரவனைத்தையும் விரித்தெழுத வேண்டுவதும் இல்லை. ஆய்வு வினாவுக்கு நேர்விடை தரக்கூடிய நான்கைந்து நிகழ்வுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றைச் சூழலோடும் தகவலாளியின் சொந்தச் சொற்களோடும் எடுத்துரைத்து, அதன்பின் பொருள்கோடலைத் தனித்து அறியுமாறு எழுதினால் போதுமானது. எஞ்சியவற்றைச் சுருக்கமாகவோ அட்டவணையாகவோ தரலாம்.

மேற்பார்வையாளர்களும் ஆய்வேட்டைத் தேர்வு செய்வோரும் இதற்கு இடமளிக்க வேண்டும். 'எத்தனை பேர் இவ்வாறு கூறினர்?' என்று கேட்பதோடு, 'இக்கூற்று எந்தச் சூழலில் எழுந்தது?' என்றும் கேட்பது ஆய்வு மாணவரை நல்வழியில் செலுத்தும். பேச்சுத் தமிழ் மேற்கோளை மொழிப்பிழையாகக் கொண்டு சிவப்பு மையால் திருத்தும் வழக்கமும் மறுபரிசீலனைக்குரியது. தோட்டத்து மூதாட்டியின் பேச்சும் வகுப்பறையில் மௌனமாக அமர்ந்திருக்கும் மாணவரின் நிலையும் ஆய்வேட்டில் எவ்வாறு எழுதப்படுகின்றனவோ, அவ்வாறே அவர்களைப் பற்றிய பிறர் மதிப்பீடும் பாடத்திட்டப் பரிந்துரையும் அமைகின்றன. அவர்களை நேரில் காணும் வாய்ப்பற்ற வாசகர், நம் முடிபை ஏற்குமுன் சீர்தூக்கிப் பார்ப்பதற்குத் தேவையான மூலத்தை அவர் கையில் தருவது பண்புசார் ஆய்வாளரின் தலையாய கடமை எனக் கருதுகிறோம்.